சென்னையில் ரூம் போடும் முன்: செயின் ஓட்டலா, எழும்பூர் லாட்ஜா?

அம்மாவுக்கு விழித்திரையில் நீர்க்கோப்பு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணில் ஊசி போட்டாக வேண்டும், மறுநாள் காலை டாக்டர் ஒருதடவை பார்க்க வேண்டும். இரண்டு வருடமாகத் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடையாய் நடக்கிறோம். முதல் நாலைந்து தடவை தாம்பரம் பக்கம் அத்தை வீட்டில் தங்கினோம். அத்தைக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியோ நுங்கம்பாக்கத்தில். கண்ணில் கட்டுப் போட்ட அம்மாவை சாயங்கால மின்சார ரயில் கூட்டத்தில் ஏற்றி இறக்குவது நடக்காத காரியம் என்று தெரிந்த பிறகுதான் ரூம் போட ஆரம்பித்தோம்.

ரயில்வே ஓய்வறை, எழும்பூர் லாட்ஜ், ஆப்பில் புக் பண்ணும் ஓட்டல், பெரிய நிறுவனமே நடத்தும் சிக்கன ஓட்டல் என எல்லாவற்றிலும் தங்கியாயிற்று. இப்போது சொந்தத்தில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் எனக்கு போன் வருகிறது. “எந்த ஓட்டல் நல்லா இருக்கும்?” என்பார்கள். “காலையில எத்தனை மணிக்கு எறங்குதிய?” என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் ஓட்டல் பெயர் சொல்வதில் அர்த்தமே இல்லை.

காரணம் இதுதான். எழும்பூர் கென்னட் லேனிலும் அதைச் சுற்றியும் உள்ள பழைய லாட்ஜ்களில் பெரும்பாலும் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறரைக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ஆறரை வரை உங்கள் ரூம். தென்மாவட்ட ராத்திரி வண்டிகள் விடியற்காலையில் வந்து கொட்டும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து உருவான கணக்கு அது. ஊருக்கு ஊர் ஒரே பெயரில் இருக்கும் செயின் ஓட்டல்களின் கடிகாரம் வேறு. பகல் 12 அல்லது 2 மணிக்குத்தான் ரூம் கொடுப்பார்கள், மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். விமானத்தில் வருகிற ஆபீஸ்காரர்களுக்கு அது சரிப்படும். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சரிப்படாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன்கிழமை காலை ஆறரைக்கு எழும்பூரில் இறங்குகிறீர்கள். அன்றைக்கு சிகிச்சை, வியாழன் காலை பரிசோதனை, வியாழன் ராத்திரி வண்டி. லாட்ஜ் ரூம் 1,400 ரூபாய் என்றால் இரண்டு நாளுக்கு 2,800, வரி 140, ஆக 2,940. செயின் ஓட்டலில் ராத்திரிக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கே ரூம் நிச்சயமாக வேண்டுமென்றால் செவ்வாய் ராத்திரிக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். வரியோடு 8,400. அத்தனை கொடுத்தும் வியாழன் பகல் 12 மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்து, ராத்திரி வண்டி வரைக்கும் எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ‘ஏர்லி செக்-இன்’ கேட்டுப் பார்க்கலாம். ரூம் காலியாக இருந்தால் கொடுப்பார்கள், இல்லையென்றால் லாபி சோபாதான். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த அம்மாவை அந்த சோபாவில் உட்காரவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன்.

அதே செயின் ஓட்டல் பகல் வண்டியில் போனால் பொருந்திவிடுகிறது. 2023 செப்டம்பரில் நெல்லை வந்தே பாரத் ஓட ஆரம்பித்தது. காலை ஆறு மணிவாக்கில் கிளம்பினால் பகல் இரண்டு மணிவாக்கில் எழும்பூர். நேரே ஓட்டலுக்குப் போனால் ரூம் தயாராக இருக்கும். அம்மா ஒரு மணி நேரம் படுத்து எழுந்ததும் சாயங்காலம் ஊசி, மறுநாள் காலை எட்டு மணிக்குப் பரிசோதனை. பதினொன்றரைக்கு ரூமைக் காலி செய்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டே முக்கால்வாக்கில் கிளம்பும் திரும்புகிற வண்டியைப் பிடித்துவிடலாம். ஒரே ஒரு ராத்திரி வாடகை, வரியோடு 4,200. சேர் கார் டிக்கெட் ஸ்லீப்பரைப்போல மூன்று நான்கு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது ராத்திரி வாடகை மிச்சமாவதில் அதில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது.

மணிக்கணக்கு தீர்ந்த பிறகு பார்க்க வேண்டியது, ரிசப்ஷனில் நிற்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. எல்லா செயின் ஓட்டலும் ஒரே ரகம் என்று நினைத்துத்தான் முதலில் ஏமாந்தேன். பெயர்ப்பலகையில் இருக்கும் கம்பெனியே ஆள் வைத்து நடத்துவது ஒரு ரகம். கட்டடமும் ஆட்களும் உள்ளூர் முதலாளியுடையதாக இருக்க, பெயரும் புக்கிங்கும் மட்டும் கம்பெனியிடமிருந்து வருவது இன்னொரு ரகம். ஆப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி போட்டோக்களோடு நிற்கும். பார்த்துச் சொல்ல முடியாது.

முதல் ரகத்தில் நான் அதிகம் பார்த்தவை ஜிஞ்சரும் ஐபிஸும். ஜிஞ்சர் டாடா குழுமத்துடையது, தாஜ் ஓட்டல்களை நடத்துகிற அதே கம்பெனியின் கிளை. 2004-ல் பெங்களூரு வைட்ஃபீல்டில் ‘இண்டிஒன்’ என்ற பெயரில் தொடங்கினார்கள். அதற்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி.கே. பிரகலாத். தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டு, தேவையானதைச் சுத்தமாகக் கொடுப்பதுதான் திட்டம். பெட்டி தூக்க ஆள் இல்லை, தண்ணீரை மாடியில் இருக்கும் இயந்திரத்தில் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாகச் சுத்தமான படுக்கை, நல்ல பாத்ரூம், குறைந்த வாடகை. இப்போதைய ஜிஞ்சர் அந்த எளிமையிலிருந்து ரொம்ப தூரம் வந்துவிட்டது. 2023-ல் மும்பை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 371 அறைகளோடு ஒன்றைத் திறந்தார்கள். விலையும் கூடவே ஏறியிருக்கிறது. ஜிஞ்சர் என்றால் மலிவு என்று இன்னும் சொல்கிறவர்கள் பழைய ஞாபகத்தில் சொல்கிறார்கள்.

ஐபிஸ் பிரான்ஸின் அக்கோர் கம்பெனியுடையது. முதல் ஐபிஸ் 1974-ல் போர்தோ நகரத்தில் வந்தது. இந்தியாவில் இண்டிகோ விமானத்தின் தாய்க் கம்பெனியான இன்டர்குளோபோடு கூட்டுச் சேர்ந்து 2008-ல் குர்கானில் ஆரம்பித்தார்கள். சென்னையில் அண்ணா சாலையிலும், பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் சிப்காட் பக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருகிற அரிவாள்மூக்கன் பறவைக்கு இங்கிலீஷில் ஐபிஸ் என்றுதான் பெயர். அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். பறவை சீசனில் அப்பா சைக்கிளில் வைத்து அங்கே அழைத்துப்போன கதையை ராத்திரி வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த ரகத்தில் நமக்குக் கிடைப்பது நிச்சயம். எந்த ஊரில் போய்ப் படுத்தாலும் மெத்தை ஒன்றுபோல இருக்கும், வெள்ளை விரிப்பு மொடமொடவென்று இருக்கும், வெந்நீர் எந்நேரமும் வரும். ஏதாவது சரியில்லை என்றால் ரிசப்ஷனில் இருப்பவரே ரூம் மாற்றிக் கொடுக்க முடியும். யாருக்காவது போன் போட்டு அனுமதி வாங்க வேண்டியதில்லை. நான் கொடுக்கிற கூடுதல் பணம் அந்த ஒன்றுக்காகத்தான். ராத்திரி பதினொன்றுக்கு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும்போது அதன் அருமை தெரியும்.

ரூம் பெரிதாக இருக்காது. இருநூறு சதுர அடிக்குப் பக்கம்தான். இரண்டு பேருக்குப் போதும், மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டால் கட்டிலைச் சுற்றி நடக்க இடமிருக்காது. குடும்பமாக நாலு பேர் போகிறவர்கள் இரண்டு ரூம் எடுக்க வேண்டிவரும். லாட்ஜில் ‘நாலு பேர் ரூம்’ என்றே தனியாக உண்டு, இரண்டு டபுள் கட்டிலோடு. கல்யாணத்துக்கோ கவுன்சிலிங்குக்கோ குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த ரூம்தான் கட்டுப்படியாகும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

இரண்டாவது ரகத்தில் ஓயோ, ஃபேப் ஓட்டல்ஸ், ட்ரீபோ மூன்றும் பெரிய பெயர்கள். ஓயோ 2013-ல் ரித்தேஷ் அகர்வால் தொடங்கியது. ஃபேப் 2014, ட்ரீபோ 2015. அதுவரை யாருக்கும் பெயர் தெரியாமல் தெருமுனையில் கிடந்த சின்னச் சின்ன ஓட்டல்களைப் போனில் காட்டி, விலை போட்டு, படுக்கை விரிப்பு முதல் வைஃபை வரை இன்னின்னது இருக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தது இவர்கள் செய்த பெரிய காரியம். முன்பெல்லாம் முன்பின் தெரியாத ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு ரூம் தேடி அலைவோம், அந்த அலைச்சலைக் குறைத்தது இவர்கள்தான். ஓயோ 2024-ல் அமெரிக்காவில் மோட்டல் 6 ஓட்டல்களை நடத்தும் கம்பெனியையே 52.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய வளர்ச்சி.

ஆனால் தினமும் பெட்ஷீட் மாற்றுவது கம்பெனி இல்லை, அந்தக் கட்டடத்து ஆள். முதலாளி கவனமானவராக இருந்தால் 2,000 ரூபாயில் ராஜோபசாரம் கிடைக்கும். அப்படிப்பட்ட இடங்களில் நான் தங்கியிருக்கிறேன். கவனமில்லாதவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனிப் பெயர், எந்தத் தெரு என்பது வேண்டாம்.

போட்டோவில் பெரிய ஜன்னல் இருந்தது. நேரில் திரையை விலக்கினால் பக்கத்துச் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நடுவில் குழாய்கள் இறங்கும் சந்து. அதன் வழியாக எந்த மாடியில் யார் தண்ணீர் திறந்துவிட்டாலும் எங்கள் தலைமாட்டில் கேட்டது. விரிப்பு புதிது, அடியில் மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. பாத்ரூம் வாசலில் ஐந்து அங்குல உயரத்துக்குக் கல் படி. அதை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே கால் வைக்க வேண்டும், உள்ளே வழுவழு டைல்ஸ். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பாதிப் பார்வை. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு காலால் அந்தப் படியைத் தடவித் தடவிப் பார்த்தாள். “ஏல, இத முதல்லயே பாத்திருக்கப்படாதா?” என்று மட்டும் கேட்டாள். ராத்திரி மூன்று தடவை நானும் கூடவே எழுந்துபோனேன். ரூமை மாற்றித்தரக் கேட்டதற்கு, “ஆப்புல கம்ப்ளெயின்ட் போடுங்க சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றார் ரிசப்ஷன் தம்பி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, உண்மையிலேயே அவர் கையில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து இந்த ரக ஓட்டல்களில் கம்பெனிப் பெயரை நான் பார்ப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றிக் கடைசி மூன்று மாதத்தில் வந்தவர்கள் எழுதியதை மட்டும் படிக்கிறேன், அதிலும் அவர்கள் எடுத்துப் போட்ட படங்களை. நட்சத்திர எண்ணிக்கையைவிட ஒரு பாத்ரூம் படம் நூறு மடங்கு சொல்லும். பிறகு ஓட்டலுக்கே போன் பண்ணுகிறேன். புக்கிங் வந்து சேர்ந்ததா, லிஃப்ட் ஓடுகிறதா, ஜன்னல் எந்தப் பக்கம், பாத்ரூமில் படி இருக்கிறதா என்று கேட்கிறேன். போனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடமாகவே இருந்திருக்கிறது. இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் அதை விட்டுவிடுகிறேன்.

ஓயோ என்றாலே வீட்டில் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகலாமா என்று தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். குடும்பங்கள் தங்குகிற கட்டடமா என்பதும் அந்த விமர்சனங்களிலேயே தெரிந்துவிடும்.

வயதானவர்களோடு போகும்போது சௌகரியம் என்பதற்கே அர்த்தம் மாறிவிடுகிறது. டிவி எத்தனை அங்குலம் என்பதெல்லாம் எதற்கு? கட்டில் உயரம் முக்கியம். புதிய ஓட்டல்களில் மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு, உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கால் தரையில் படுவதில்லை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இறங்கினால் தடுமாறும். கையெட்டும் தூரத்தில் விளக்கு சுவிட்ச் வேண்டும். கார்டு செருகினால்தான் கரண்ட் வரும் ரூம்களில் நான் மருந்து வாங்கக் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனால் உள்ளே இருட்டாகிவிடும். இரண்டாவது கார்டு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். செயின் ஓட்டல்களில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான். வாளியும் மக்கும், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வேண்டுமென்று புக் பண்ணும்போதே எழுதிவிடுகிறேன். ஊசி போட்ட கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் தலைக்கு மேல் கொட்டும் ஷவர் எங்களுக்கு உதவாது. லாட்ஜில் இந்தக் கவலையே இல்லை, வாளி எப்போதும் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது வெந்நீர் நேரம். ‘காலை 6 முதல் 9 வரை’ என்று சுவரில் எழுதியிருந்தால் ஆறு மணிக்கே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

லாட்ஜ் பற்றி இன்னொன்று. பணம் கட்டுவதற்கு முன்னால் ரூமைப் பார்க்கக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ரூம் பாய் சாவிக்கொத்தோடு கூடவே வருவார். தலையணையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாசல் ஏறலாம், கென்னட் லேனில் அடுத்த வாசல் பத்தடி தூரம்தான். ஆப்பில் முன்பணம் கட்டி வருகிறவருக்கு இந்த வசதி கிடையாது. முகூர்த்த நாளும் பொங்கல், தீபாவளி நெருக்கமும் மட்டும் விதிவிலக்கு. அப்போது விடியற்காலையில் போய் நின்றால் ‘ரூம் ஃபுல்’ அட்டைதான் வரவேற்கும்.

செலவில் வாடகை பாதிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 4,000 ரூபாய் ரூமுக்கு 480 கட்டியவர் இப்போது 200 கட்டினால் போதும். அதனால் லாட்ஜுக்கும் செயின் ஓட்டலுக்கும் இடையே ரூபாய்க் கணக்கில் இருந்த தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பழைய 12 சதவீதத்தைக் கணக்கில் எழுதி யாராவது நீட்டினால் கேளுங்கள்.

காலைச் சாப்பாட்டையும் யோசியுங்கள். ‘பிரேக்ஃபாஸ்ட்டோடு’, ‘பிரேக்ஃபாஸ்ட் இல்லாமல்’ என்று இரண்டு விலை போட்டிருப்பார்கள். இரண்டு பேருக்கு ஐந்நூறு அறுநூறு வித்தியாசம் வரும். அம்மா சாப்பிடுவது இரண்டு இட்லி. வெளியே நூற்றைம்பது ரூபாய்க்குள் இரண்டு பேரும் காபியோடு முடித்துவிடலாம், அதனால் நான் இல்லாமலே எடுக்கிறேன். வளரும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு பஃபே லாபம். சர்க்கரைக்காரர்கள் பஃபே எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முந்தின ராத்திரியே கேட்டுவைக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு ஏழரை வரை பசியோடு காத்திருக்க முடியாது.

ஆட்டோச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓ.எம்.ஆரில் எண்ணூறு ரூபாய் மலிவாக நல்ல ரூம் கிடைக்கும். நுங்கம்பாக்கத்துக்கு இரண்டு நாளில் மூன்று நடை போய்வந்தால் அந்த எண்ணூறுக்கு மேலேயே போய்விடும், கண்ணில் கட்டோடு ஒரு மணி நேர டிராஃபிக் வேறு. ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் சுமாரான ரூம், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருமையான ரூமைவிட மேல்.

ஸ்டேஷனிலேயே இருக்கும் ரயில்வே ஓய்வறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு, ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் எடுக்கலாம். 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கணக்கு. காலையில் வந்து குளித்து, வேலையை முடித்து, அன்று ராத்திரியே திரும்புகிறவர்களுக்கு இதற்கு நிகராக ஒன்றும் கிடையாது. சீக்கிரம் தீர்ந்துவிடும், டிக்கெட் எடுத்த கையோடு பார்க்க வேண்டும். 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்கள் சுற்றுலாவுக்குத்தான். கன்னியாகுமரியிலும் மாமல்லபுரத்திலும் கடலை ஒட்டிய அந்த இடம் போல வேறு யாருக்கும் அமையாது. ரூம் எப்படி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். மகனுக்கு சென்னையில் இண்டர்வியூ, தனியாகப் போகிறான், ராத்திரி வண்டி, மறுநாள் ராத்திரி திரும்புகிறான். ஓய்வறை பார், கிடைக்கவில்லை என்றால் எழும்பூரில் லாட்ஜ் என்றேன். “நல்ல ஓட்டலா சொல்லக்கூடாதா?” என்றாள். அவனுக்குக் குளித்துச் சட்டை மாற்ற ஒரு ரூம் வேண்டும், அவ்வளவுதான். நாலாயிரம் ரூபாயை அவன் புதுச் சட்டைக்கும் ஷூவுக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு அடுத்த ஊசி வருகிற புதன்கிழமை. வந்தே பாரத்தில் போக வர டிக்கெட் எடுத்தாயிற்று. அதனால் இந்தத் தடவையும் செயின் ஓட்டல்தான், பிரேக்ஃபாஸ்ட் இல்லாமல், ஒரு ராத்திரி. நேற்று அங்கே போன் பண்ணினேன். வாளி, மக், ஸ்டூல் மூன்றும் ரூமில் வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். கட்டில் உயரம் எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், ஸ்கேல் வைத்து அளந்து வந்து சொன்னாள்: இருபத்திரண்டு அங்குலம். வீட்டுக் கட்டிலை அளந்தேன், பதினெட்டு. அம்மா கால் வைத்து இறங்க நாலு அங்குலத்தில் ஒரு மரப் பலகை பெட்டியில் போகிறது.